வேதத்தில் உண்டு

ஷரிபுதீனுக்குக் கோபம் வந்ததில் பிழையே இல்லை.

போன கார்த்திகையில் அடித்த சூறாவளி, கல்முனைக் கடைத்தெருவில் அவர் பொறுப்பாக இருந்த வாசிகசாலையின் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஊறிப்போன புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து வெயிலில் காயவைத்து மீட்டவர் அவர். அப்படி மீட்ட ஒன்றில்தான் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்.

சொர்க்கத்தையும் நரகத்தையும் பாட்டாகப் பாடிய பழைய கிறிஸ்தவ நூல் அது. ஏழு பாழுங்கிணறுகள், காய்ச்சிய ஈயம், நாக்கை இழுக்கும் குறடு என்று நரகம் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரே குறிப்பு: 'வேதத்தில் இல்லை.'

கையெழுத்தைப் பார்த்ததும் ஆள் யாரென்று விளங்கிவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் வஸ்தியாம்பிள்ளை. கிறிஸ்தவக் கோயிலில் பிள்ளைகளுக்கு வேதம் படிப்பிக்கிறவர்.

அன்று பின்னேரம் அவர் வந்ததும் ஷரிபுதீன் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"சேர், நீங்களே இப்பிடிச் செஞ்சா மத்த ஆக்களுக்கு நான் என்னத்தச் செல்லுற?"

"பிழைதான் தம்பி. ஆனா எழுதினது உண்மை. வேதத்தில நரகத்துக்கு நாலைஞ்சு சொல்லுத்தான் கிடக்கு. நெருப்பு, இருட்டு, அழுகை. மிச்சமெல்லாம் பாட்டுக் கட்டினவன் கூட்டினது."

"எங்கட பள்ளிவாசல் பயான்லயும் கிதாபுல இல்லாத நரகத்தக் காட்டுற ஆக்கள் இரிக்காங்கதான். அதுக்காகப் புத்தகத்துல கிறுக்குறதா?"

வஸ்தியாம்பிள்ளை ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகள், வாசல் தெரியாமல் இருட்டில் தவழ்ந்து திரிவதாக அதில் இருந்தது.

"என்ட மருமகள் றோசலின் இதை வாசிச்சுப் போட்டாள்."

சூறாவளியன்று சுவர் விழுந்து அவளுடைய பதினெட்டு நாள் குழந்தை மௌத்தானது ஊருக்கே தெரியும்.

"ஞானஸ்நானம் குடுக்கயில்லை தம்பி. இப்ப அவள் ஒழுங்காச் சாப்பிடுறதுமில்லை, கதைக்கிறதுமில்லை. அதுதான் எழுதினன்."

ஷரிபுதீனின் விரல் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனது. சொர்க்கம் வந்தது. அங்கே பச்சைக் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு முற்றம், தொட்டில் ஆட்ட வானதூதர்கள். ஓரத்தில் அதே பென்சில்: 'வேதத்தில் உண்டு.' கீழே அதிகாரமும் வசன எண்ணும் இருந்தன.

"இது மெய்யா வேதத்துல இரிக்கா சேர்?"

வஸ்தியாம்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார்.

"அந்தப் பிள்ளையள் எங்க போகுமெண்டு வேதம் ஒண்டும் சொல்லயில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஷரிபுதீனுக்கு அன்று முழுக்க மனம் ஆறவில்லை. வேதத்தின் பேரில் பொய். அதுவும் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியிடம். தங்கள் கிதாபில் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் ஊர் சும்மா விட்டிருக்குமா? வஸ்தியாம்பிள்ளையின் வாசிகசாலை அங்கத்துவத்தை வெட்டிவிடுவது என்றே முடிவெடுத்தார்.

மறுநாள் காலையில் றோசலின் வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். அதே புத்தகத்தைத்தான் கேட்டாள்.

"கொஞ்சம் நில்லு தங்கச்சி. இதுல ஒங்கட மாமா கிறுக்கி வச்சிரிக்கார். அழிச்சிட்டுத் தாறன்."

அழிறப்பர் சொர்க்கத்துப் பக்கத்தைத் தொடுமுன் அவள் கையை நீட்டி மறித்தாள்.

"அதை அழியாதீங்க நானா" என்று ஒரு அண்ணனிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"தங்கச்சி, ஒனக்கிட்ட மறைச்சு என்ன? இது வேதத்துல இல்ல."

"தெரியும் நானா. அவர் போட்ட வசனத்தை அண்டைக்கே எடுத்துப் பாத்தன். அங்க ஆலயத்துத் தூணுக்கு அளவு சொல்லிக் கிடக்கு."

ஷரிபுதீன் அழிறப்பரை மேசையில் வைத்தார்.

"தெரிஞ்சுமா இதக் கொண்டு போறாய்?"

"ஒவ்வொரு நாளும் மாமா இந்தப் பக்கத்தை எனக்கு வாசிச்சுக் காட்டுவார். நான் நம்பினமாதிரித் தலையாட்டினாத்தான் சோத்துல கை வைப்பார். இல்லாட்டி அந்த மனுசன் பட்டினி."

"நீதான் ஒழுங்காச் சாப்பிடுறதில்ல எண்டு சென்னாரே?"

"எனக்குப் பிள்ளை போன துக்கம் மட்டும்தான் நானா" என்றாள் றோசலின், புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்தபடி. "மார்கழி நத்தார்ப் பண்டிகைக்குச் சொந்தக்காரரெல்லாம் வருவினம், அண்டைக்கு ஞானஸ்நானம் குடுப்பம், அதுவரைக்கும் பொறுங்க எண்டு எங்களை மறிச்சது மாமாதான்."