ஓசி அப்புக்காத்து

சும்மா கிடைக்கிற சட்டத்தரணி எப்படி இருப்பார் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள், ஒஸ்லோவில் துரூல்சனின் அலுவலகத்துக்குப் போகலாம். வெள்ளிக்கிழமை என்றால் மத்தியானத்துக்கு முன்பே போய்விட வேண்டும். அதன் பிறகு மனுசனின் உடம்பு மட்டும்தான் கதிரையில் இருக்கும். நினைப்பு மலையிலுள்ள விடுமுறை வீட்டுக்குப் போய்விடும்.

2006 மாசியில் அப்படியொரு வெள்ளிக்கிழமை, நகரின் ஓரத்திலுள்ள ரொம்மனிலிருந்து தங்கேஸ்வரி அங்கே வந்து காத்திருந்தாள். துணைக்குப் பக்கத்து வீட்டு மக்டலீன்.

தங்கேஸ்வரியின் கணவர் இராசதுரை, சீட்டு விளையாட்டில் ஒருவரைப் போத்தலால் குத்தியதற்காக ஆறு வருடத் தண்டனை பெற்றவர். வழக்கமாக விடுதலை கிடைக்கும் மூன்றில் இரண்டு பங்கான நாலு வருடம் முடிந்தும் தன்னை வெளியே விடாதது உரிமை மீறல் என்று அரசின் மீது வழக்குப் போடக் கிளம்பினார். நீதிமன்றம் செலவில்லாமல் துரூல்சனை நியமித்தது. மனைவிக்குத்தான் நோர்வே மொழி ஓடும் என்பதால் கடிதம், படிவம் எல்லாம் அவள் பொறுப்பு.

வழக்கு அன்று பிற்பகல் மூன்று மணிக்குள் பதிவாக வேண்டும். பதிவானால் இராசதுரை கோடைக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். தவறினால் இன்னும் இரண்டு வருடம் உள்ளேதான்.

மணி இரண்டேகால். துரூல்சன் தன் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தார்!

“மனு முடிந்துவிட்டதா?” என்று தங்கேஸ்வரி அவருடைய மொழியில் கேட்டாள்.

“கடைசிப் பக்கம்தான் பாக்கி,” என்றார். தை மாதமும் இதையேதான் சொன்னார்.

மக்டலீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உனக்கு வாயில்லையோடி? நாலு கேள்வி நறுக்கெண்டு கேளன்!”

“கேட்டாக் கோவிச்சுக்கொண்டு வேற ஆளிட்டைக் குடுத்திடுவார் அக்கா.”

தங்கேஸ்வரியின் கண் சுவர் மணிக்கூட்டை விட்டு அசையவில்லை.

இரண்டே முக்காலுக்குத் துரூல்சன் ஒரு வழியாக மேசைக்கு வந்தார். ஒரு பக்கத்தைக் காணவில்லை என்றார். இழுப்பறையில் தேடினார். கடைசியில் அது அவருடைய வாஃபிள் தட்டுக்குக் கீழே, ஜாம் பூசிக்கொண்டு கிடந்தது. அதைத் துடைத்து முடிக்க மூன்று மணி தாண்டிவிட்டது.

“திங்கட்கிழமை காலையிலேயே அனுப்பிவிடுகிறேன். மூன்று நாள்தானே!” என்று சொல்லிவிட்டு, கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார் வெட்கங்கெட்ட மனுசன்.

தங்கேஸ்வரி வாசல் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“எளியவன்! ஓசி அப்புக்காத்து எண்டா இதுதான்,” என்று மக்டலீன் பொரிந்தாள். “உனக்கொண்டு தெரியுமே? ஆர் வேணுமெண்டு நாங்களே எழுதிக் குடுத்தா, கோட்டு அந்த ஆளைத்தான் தரும்.”

“தெரியும் அக்கா.” தங்கேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். “போத்தலாலை குத்து வாங்கினவனுக்கு அது ஒரே ஒரு நாள். எனக்குப் பதினொரு வருசம். அதுக்கு அவரைப் பொலிஸ் பிடிக்கேல்லை.”

மக்டலீன் மெல்ல அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அதுதான் ரெண்டு மாசமாய் ஒஸ்லோ முழுக்க விசாரிச்சு, ஒரு வழக்கையும் நேரத்துக்குப் போட்டறியாத ஆளாய்ப் பாத்து, இவர்தான் வேணுமெண்டு நானே எழுதிக் குடுத்தனான்.”