பட்டு நரம்பு

ஜன்னலோர வெளிச்சத்தில் மகள் செயற்கைக் கண் ஒன்றுக்குக் கருவிழி தீட்டுகிறாள். ஒரு கண்ணை இழந்த தபால்காரர் அவளைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். வாசலோரம் நிற்கும் அப்பாவுக்கு அவர் முதுகு மட்டுமே தெரிகிறது. ஓவியம், வேதியியல், பூத்தையல் என்று தாவிக்கொண்டே இருந்தவளிடம் "ஏதாவது ஒண்ணப் பிடிச்சுக்கோம்மா" என்று கெஞ்சி ஓய்ந்த அப்பா, அவள் வேலை செய்யும் இடத்துக்கு இன்றுதான் முதன்முதலாக வந்திருக்கிறார். அவள் தையல் பெட்டியைத் திறந்து, சிவப்புப் பட்டுநூலில் ஓர் இழையைப் பிரித்து வெள்ளைவிழியில் நெளியவிடுகிறாள்; நூல் ரத்த நரம்பாகிறது. அவளே பதம் பார்த்துக் கலந்த பிசின் அதை மூடிக்கொண்டு இறுகுகிறது. மெருகேற்றிய கண்ணைப் பொருத்தியதும், தபால்காரர் இமைத்து இமைத்துத் திரும்புகிறார். "எப்படிங்க இருக்கு?" அப்பா ஒரு கண்ணைப் பார்க்கிறார், மறு கண்ணைப் பார்க்கிறார். மகள் பக்கம் திரும்புகிறார்.

"ரெண்டுல எதும்மா நீ செஞ்சது?"