மூன்றாவது டீச்சர்

“அப்பா, பாடம் கேக்குறீங்களா, தூங்குறீங்களா?”

மகள் லேப்டாப்பில் ஓடிய வீடியோவை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அப்பா அசையவில்லை.

“கேட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன். காது திறந்துதானே இருக்கு?”

“இந்த வீட்டுல எல்லாருக்கும் தூக்க வியாதி. போன வாரம் பூரா அம்மாவும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு இப்படித்தான் கண்ணை மூடிக் கிடந்தா. என்ன பாட்டோ!”

மூலையில் தையல் மெஷினில் இருந்த அம்மா சிரித்துக்கொண்டாள். வாயில் ஊசி இருந்ததால் பதில் சொல்லவில்லை.

அப்பா இருபது வருஷமாகச் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். கடுகை விடச் சின்ன ஸ்க்ரூவையும் இடுக்கியால் ஒரே எடுப்பில் எடுத்துவிடுவார் என்று தெருவில் பெயர். அப்படிப்பட்டவர் போன மாதம் திடீரென்று, “இந்தத் தொழில் அலுத்துப் போச்சு. கம்ப்யூட்டர் வேலைக்குப் போகப் போறேன்” என்று குண்டைத் தூக்கிப் போட்டார். கடையை மாதக் கடைசியில் காலி செய்வதாகவும் சொல்லியாயிற்று. நாற்பத்தெட்டு வயதில் யாராவது இப்படிக் குதிப்பார்களா? மனிதர் குதித்துவிட்டார். இனி கால் ஊன்றுவதற்கு ஒரு நல்ல கோர்ஸ் கிடைத்தால்தான் உண்டு.

வாடிக்கையாளர்களிடம் போனில் பேசி, அவர்கள் குறையைக் கம்ப்யூட்டரில் பதியும் வேலை. அதற்கான பயிற்சியை வீட்டிலிருந்தே தானாகப் படிக்க வேண்டும். மூன்று கோர்ஸ்களைத் தேடி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது அம்மா. மாதிரிப் பாடங்களைப் போட்டுக் காட்டுவது மகளின் பொறுப்பு.

“முதல் வாத்தியாருக்கு என்னப்பா குறைச்சல்? எவ்வளவு கலகலன்னு சொல்லித் தர்றாரு! கலர் கலரா படம் வேற.”

“‘இங்கே பாருங்க, இதை இழுத்து அங்கே விடுங்க’ங்கறாரு. எதை? எங்கே?”

“அம்புக்குறி காட்டுதே!”

“வாயால சொன்னா முத்து உதிர்ந்துடுமா? அடுத்ததைப் போடு.”

இரண்டாவதில் இசை மட்டும் கேட்டது. அப்பா ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார்.

“என்னம்மா இது, வாத்தியார் மௌன விரதமா?”

“பாடத்தை எழுத்துல போட்டிருக்காங்க. நாமதான் படிச்சுக்கணும்.”

“அது வேண்டாம்.”

“மாப்பிள்ளை முறுக்கு தோத்தது போங்க” என்று முணுமுணுத்தபடி மகள் மூன்றாவதைப் போட்டாள்.

படமும் இல்லை, பாட்டும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு படிவம். ஏற்ற இறக்கமே இல்லாத பெண்குரல் ஒன்று நிதானமாகச் சொன்னது: “இடது கைச் சுண்டு விரலால் டேப் விசையை மூன்று முறை அழுத்துங்கள். இப்போது நீங்கள் பெயர் எழுதும் கட்டத்தில் இருக்கிறீர்கள். இன்னொரு முறை அழுத்தினால் முகவரிக்குப் போவீர்கள்.”

மகளுக்குக் கொட்டாவி வந்தது. அப்பாவோ நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய சுண்டு விரல் நாற்காலியின் கைப்பிடியில் மூன்று முறை தட்டியது.

“இதுதான்” என்றார்.

“இந்த அறுவையா? அம்மா, நீயாவது எடுத்துச் சொல்லேன்!”

அம்மா ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள். “படிக்கப் போறது அவருடி. அவருக்குப் பிடிச்சா சரிதான்.”

“நீ எப்பவும் அவர் கட்சிதான். மூணு மாசமா உனக்கு ஊசி கோத்துக் கொடுக்கக்கூட அவருக்கு நேரமில்ல, தெரியுமில்ல?”

கல்யாணமான நாளிலிருந்து அது அவர் வேலை. கடைக்குப் போகும் முன் பத்து ஊசிகளில் நூல் கோத்து, பஞ்சில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். இப்போதெல்லாம் ‘நேரமாச்சு’ என்று ஒரே ஓட்டம்.

“அதுக்கென்ன, நானே கோத்துக்கறேன்” என்று அம்மா மறுபடி மெஷினை மிதித்தாள்.

“என்னமோ பண்ணுங்க. எனக்குக் காலேஜுக்கு நேரமாச்சு.” மகள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கதவு சாத்தப்பட்டதும் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

“அந்த டீச்சர் அறுவைதான், ஒத்துக்கறேன். இருந்தாலும் அதை ஏன் பிடிச்சுதுன்னு நீ கேக்கவே இல்லையே?”

மெஷின் நின்றது. அம்மா மேஜை இழுப்பறையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை விரித்து, முகத்துக்கு அருகில் கொண்டுபோய், பிறகு தாழ்த்திக்கொண்டார்.

“என்ன இது?”

“உங்க நீலச் சட்டைப் பையில இருந்துச்சு. துவைக்க எடுத்தப்போ பார்த்தேன். கண் டாக்டர் சீட்டு. அவர்கிட்டயே போய்க் கேட்டேன். பார்வை இன்னும் ஒரு வருஷம் தாங்கினா பெரிசுன்னாரு.”

அவர் தாளை மறுபடி நாலாக மடித்தார்.

“எப்போலேர்ந்து தெரியும்?”

“மூணு மாசமா. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்.”

“நீ பயந்துடுவியேன்னு...”

“பயந்தேன்தான். நீங்க கம்ப்யூட்டர்னு சொன்ன அன்னைக்கே பயத்தை விட்டுட்டுத் தேட ஆரம்பிச்சுட்டேன்.” அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். “மொத்தம் பதினேழு கோர்ஸ். ஒவ்வொண்ணையும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுத்தான் கேட்டேன். அந்த டீச்சர் சொன்னது ஒண்ணுதான் எனக்குப் புரிஞ்சுது.”