ரோசி அத்தையின் கோபம்

"நாப்பதாயிரம் பேரு பாக்கலாம், நான் பாக்கக் கூடாதாடா? சொந்த அத்தைய பிளாக் பண்ணவ புள்ளைக்கு நான் எதுக்கு ஞானத்தாய்? நான் வரலைன்னு போய் உங்க அக்காகிட்ட சொல்லு."

லூர்து பிரகாஷ் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டாள் ரோசி அத்தை.

சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து கடலூர் முதுநகர் வரைக்கும் அவன் வந்ததே இந்தச் சமாதானத்துக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை அக்கா ஜெனிபரின் குழந்தைக்கு ஞானஸ்நானம். குழந்தையைக் கையில் ஏந்தி நிற்க அப்பாவுடைய தங்கை ரோசி அத்தைதான் வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நிற்கிறாள். அத்தையோ போனையே எடுப்பதில்லை.

"அத்தை, அக்கா ஏன் அப்படிப் பண்ணுச்சுன்னா..."

"தெரியும் தெரியும். பெரிய ஆளாயிட்டா."

ஜெனிபர் இன்ஸ்டாகிராமில் உடற்பயிற்சியும் சாப்பாட்டு முறையும் சொல்கிறவள். பார்க்க நல்ல கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்தில் அவள் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்த ஒரே ஆள் ரோசி அத்தைதான். வம்பே அதில்தான் வந்தது.

பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் முறை பற்றி ஜெனிபர் இளவட்டங்களுக்காக ஒரு வீடியோ போட்டாள். அத்தை சுகர் மாத்திரையையும் போட்டுக்கொண்டு, பட்டினியும் கிடந்து, மீன் மார்க்கெட்டில் பையும் கையுமாகச் சுருண்டு விழுந்தாள். "இது உங்களுக்கு இல்ல அத்தை" என்று ஜெனிபர் அழாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள். "என் மருமவ சொல்றத நான் செய்யாம வேற யாரு செய்வா?" என்று அத்தை மறுவாரமே மறுபடியும் பட்டினி. அன்றைக்குத்தான் பிளாக் விழுந்தது.

பேச்சை மாற்றினால் தேவலை என்று தோன்றியது பிரகாஷுக்கு.

"இப்ப உடம்பு எப்படி இருக்கு அத்தை?"

கேட்டதுதான் தாமதம், அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது.

"சுகர் முன்னூத்திப் பத்து இருந்துச்சுல்ல? இப்ப நூத்தி நாப்பது! டாக்டரே கை குடுத்தாரு."

"அட! எப்படி அத்தை?"

"உலகத்துல உங்க அக்கா ஒருத்திதான் இருக்காளா? மொதல்ல பதினேழு பேர ஃபாலோ பண்ணேன்டா. ஒருத்தன் சோறே விஷம்ங்கறான். இன்னொருத்தன் காலையில எழுந்து நெய்யக் குடிங்கறான். ஒருத்தி நல்லாத்தான் பேசறா, கடைசியில பவுடர் டப்பாவ நீட்டிடறா. எல்லாத்தையும் தூக்கிட்டேன். இப்ப ஒண்ணே ஒண்ணுதான். மூணு மாசம் முன்னாடி அதுவா வந்து என்னை ஃபாலோ பண்ணுச்சு. தங்கம்டா அது! இந்தா பாரு."

போனை நீட்டினாள். 'அளவு சாப்பாடு' என்று பெயர். முகம் இல்லை, குரல் இல்லை. ஒரு தட்டின் படம், கீழே நாலு வரி எழுத்து, அவ்வளவுதான்.

'சோறு ஒரு கரண்டி போதும். சங்கரா மீன் குழம்பில் தேங்காயைக் குறையுங்கள்.'

'தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறவர்கள், மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு இருங்கள்.'

'வெயில் ஏறுவதற்குள் சில்வர் பீச்சில் இருபது நிமிஷம் நடந்துவிடுங்கள்.'

"பாத்தியா? எதையும் விக்கல. யாரையும் பயமுறுத்தல. ஒடம்புக்கு ஒடம்பு மாறும், டாக்டரக் கேளுங்குது. ஃபாலோ பண்ணா இந்த மாதிரி ஆளப் பண்ணணும். உங்க அக்காவும்தான் இருக்காளே!"

பிரகாஷ் ஒரு படத்தைப் பெரிதாக்கினான். தட்டுக்குப் பின்னால் பச்சை டைல்ஸ். போன வருஷம் அக்கா வீட்டு அடுப்படிக்கு அவனே பக்கத்தில் நின்று ஒட்டவைத்த டைல்ஸ். சட்டென்று அந்தப் பக்கத்தின் மேல்வரியைப் பார்த்தான்.

ஃபாலோயர்கள்: 1.

கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பிளாக் பண்ணிய அத்தைக்காகவே அக்கா மூன்று மாதமாகத் தினமும் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். வீட்டில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. அவள் மறைத்ததைத் தான் போட்டு உடைப்பது தப்புதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தானே இருக்கிறது!

"அத்தை... இத எழுதறது யாருன்னு தெரிஞ்சா உங்க கோவமெல்லாம்..."

"வாய மூடுடா!" அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒரு நாளு அவசரத்துல 'மாத்திரை போட்டீங்களா அத்தை'ன்னு போட்டுட்டு, அடுத்த நிமிஷமே அழிச்சிட்டா. நான் அதுக்குள்ள பாத்துட்டேன்."

பிரகாஷ் திருதிருவென்று விழித்தான். "அப்புறம் எதுக்கு அத்தை இந்தக் கோவம்?"

அத்தை முந்தானையால் போனைத் துடைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கோவம் போயிடுச்சுன்னா அன்பிளாக் பண்ணிடுவா. அப்புறம் அந்த நாப்பதாயிரத்துல நானும் ஒருத்தி. எனக்குன்னு தினமும் உக்காந்து எழுதறாளே, அது நின்னுடுமேடா!"

"அப்ப ஞாயித்துக்கெழம?"

"வராம இருப்பனா? புள்ளைக்கு வெள்ளை கவுன் எடுத்து வச்சே பத்து நாளாச்சு. மொத ஆளா வந்து நிப்பேன். ஆனா உங்க அக்காகிட்ட மறக்காம சொல்லு, அத்தை இன்னும் பயங்கர கோவமா இருக்குன்னு!"