எஞ்சின் பார்க்கும் படலம்

கம்ப்யூட்டர் விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருள்களான கேம் எஞ்சின்கள் வாய் திறந்து பேசத் தொடங்கியதும் தணிகைவேலுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. தான் உருவாக்கப்போகும் முதல் கேமின் கதையை, மொட்டைமாடியில் காயும் வடகத்தைத் திருடும் நொண்டிக் காக்காவின் கதையை, ஒவ்வொரு எஞ்சினிடமும் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பான். "இதுக்கு நீ சரிப்பட்டு வருவியா?" என்று கேட்பான். வருவேன் என்று அது சொல்லிவிட்டால் சந்தேகம் வந்து அடுத்ததிடம் போவான். பெண் பார்க்கப் போன இடமெல்லாம் பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பும் மாப்பிள்ளையைப் போல அலைந்தானே தவிர, ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி மரகதம் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "ஏங்க, நொண்டிக் காக்கா வடகம் திருடுற கேம் வந்திருக்கு. எங்க ஆபீஸே இதைத்தான் விளையாடுது."

"எவன் பண்ணினான்?"

"ஆளே இல்லையாம். ஏதோ ஒரு எஞ்சின் தானாவே பண்ணிக்கிச்சாம். நீங்கதான் பார்த்ததுகிட்டயெல்லாம் கதை சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே!"

தணிகைவேல் போனைப் பிடுங்கிப் பார்த்தான். அவன் நினைத்ததைவிட அழகாக நொண்டியது காக்கா. இந்த மனுஷன் இப்போது கத்தப்போகிறான் என்று மரகதம் காத்திருந்தாள்.

"அட்டகாசமா இருக்கே!" என்றான் அவன். "எந்த எஞ்சின்னு பாரு. நம்ம கேமை அதுலயே பண்ணிடலாம்."