வாசலில் மலை

"ஐயா, கோபிச்சுக்காதீங்க. ஏழு இடத்துல எழுத்துப்பிழை இருக்கு."

அச்சகத்தில் பிழை திருத்தும் பெண், அச்சுத்தாள்களைச் சமையலறை மேசையில் விரித்தாள். ஏழு சிவப்பு வட்டங்கள். எதிரே கவிஞர் பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். மனைவி பின்பக்கம் பாத்தி வெட்டப் போனால் சமையலறை அவர் பொறுப்பு. வாய்க்கால் தூர்வாருவது அவர் தொழில். அது ஓய்ந்த நேரத்தில் செடி, கொடி, மேகம் என்று கவிதை. முப்பது வருடத்துக்கு முன்னால் வந்த அவருடைய ஒரே புத்தகம் இப்போது பள்ளிப் பாடமாகப் போகிறது.

"சொல்லும்மா."

"'மலை வந்து வாசலில் நிற்கிறது, உள்ளே வரச் சொல்லவா?' மழைதானே ஐயா வரணும்? பஸ்ல பாத்துட்டேதான் வந்தேன். இந்தப் பக்கம் ஒரு மேடுகூட இல்ல."

"அந்த மலைக்கு ஒரு பேராசிரியர் பன்னிரண்டு பக்கம் விளக்கம் எழுதியிருக்காரு. பாவம்."

"அப்புறம், 'கோலி மேயும் முற்றம்'. கோலி எப்படி ஐயா மேயும்?"

"எங்க வீட்டுல மேயும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன புத்தகத்தில் ஒரு துணைக்கால் விட்டுப்போனதற்கே முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். இன்னொரு பிழை வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். இதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

"ஏழும் ஒரே எழுத்து ஐயா. 'ழ' வர்ற இடத்துல 'ல'. மத்த பக்கமெல்லாம் சரியா இருக்கு. உங்க பேச்சுலயும் 'ழ' சுத்தமா வருது. ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா திருத்திடுவேன்."

"அந்த ஏழு வரியும் நான் யோசிச்சு எழுதினதில்லம்மா. காதுல விழுந்தது. விழுந்தபடியே எழுதினேன். அது அப்படியே இருக்கட்டுமே."

"பள்ளிக்கூடத்துக்குப் போற புத்தகம். தப்போட போச்சுன்னா என் வேலை போயிடும் ஐயா."

கவிஞர் நார் உரிப்பதை நிறுத்தினார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"உன் வேலை போகக் கூடாதும்மா. பேனாவைக் குடு."

வாங்கினார். ஆனால் கை எழுதவில்லை. முதல் வட்டத்துக்குள் இருந்த 'மலை'யை விரலால் மெல்லத் தடவினார். பெண்ணுக்கு என்னவோபோல் இருந்தது.

தகரக் கூரையில் படபடவென்று தூறல் விழுந்தது. பின்பக்கத்திலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க, மலை வந்துருச்சு. நான் துணிய எடுக்கறேன், நீங்க போய் கோலியப் பிடிச்சு அடைங்க."

பெண் அவர் கையிலிருந்து பேனாவை வெடுக்கென்று வாங்கி ஏழு வட்டங்களையும் அடித்தாள். முதலாளியிடம் சொல்லவேண்டியதைப் பஸ்ஸில் யோசித்துக்கொள்ளலாம் என்று, கவிஞருக்கு முன்னால் எழுந்து கோலி பிடிக்க ஓடினாள்.