ஜோடித் துகள்

"கதவைச் சாத்தாதீங்க டாக்டர். அவ என் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும்."

மனநல மருத்துவர் கதவின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். வெளியே நாற்காலி வரிசையில் ஒரு பெண்மணி பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பச்சை நிற ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"உங்க மனைவியா? அவங்களுக்கு என்ன பிரச்சினை?"

"பிரச்சினை எனக்கு. சாகப்போறது அவ."

மருத்துவர் நாற்காலிக்கு வந்து, தண்ணீர் டம்ளரை எதிரே இருந்தவர் பக்கம் நகர்த்தினார். வந்தவர் இயற்பியல் பேராசிரியர். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவரின் கை டம்ளரில் இடித்து, தண்ணீர் மேசையில் சிந்தியது.

"ரெண்டு வாய் குடிங்க சார்."

"வேண்டாம். ஒரு மாசமா காலையில எழுந்தா தொண்டை கட்டியிருக்கும். நான் கேட்கிறதுக்கு முன்னாடியே அவ வெந்நீர் கொண்டுவந்து வைப்பா. இன்னைக்குத் தொண்டைக்கு ஒண்ணுமில்லை." டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார். "நான் சொல்ல வந்தது அதில்லை. கனவு."

ஒரு மாதமாக அவர் கனவில் கண்டதெல்லாம் மறுநாள் கண்ணெதிரே வந்து நின்றது. கனவில் நீலக் குடை வந்தால், காலையில் கதவுக் கொக்கியில் நீலக் குடை. சுவர்க் கடிகாரம் நின்றுபோவதாகக் கண்டு எழுந்தால், நிஜமாகவே முள் அசையவில்லை. கடைசியாக, மகள் சின்ன வயதில் போட்ட ஷூ. அதில் ஒற்றை மட்டும் படிக்கட்டில் கிடந்தது.

"தற்செயல்னு விட்டிருப்பேன். ஆனா என் வேலையே ஒளித்துகள்களோட. ஜோடியா பிறந்த ரெண்டு துகளை எவ்வளவு தூரம் பிரிச்சு வச்சாலும், ஒண்ணை அளந்தா இன்னொண்ணும் அதுக்குத் தக்கபடியே இருக்கும். நடுவுல சேதி கொண்டுபோறவன் யாரும் கிடையாது. என் மண்டைக்குள்ள இருக்கிறதும் வெளியில நடக்கிறதும் அப்படி ஒரு ஜோடியா இருந்தா?"

"எங்க துறையிலயும் அப்படிச் சொன்னவங்க உண்டு. ஆழ்மனசும் வெளியுலகமும் ஒரே துணியோட ரெண்டு பக்கம்னு. காரணத்தால சேராம அர்த்தத்தால சேர்ற விஷயங்கள். அர்த்தம் இருக்குன்னா, யாரோ உங்களுக்கு எதையோ சொல்றாங்கன்னு ஆகுது."

"யாரு?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும். நேத்து என்ன கனவு?"

பேராசிரியர் திரும்பி வெளியே பார்த்தார். பத்திரிகையில் ஒரு பக்கம் புரண்டது. அதைப் பார்த்த பிறகே வாயைத் திறந்தார்.

"அவ பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்திருக்கா. கூப்பிடுறேன், திரும்பலை. கையைத் தொட்டா ஐஸ் கட்டி. மூச்சு இல்லை டாக்டர்... அவகிட்ட பச்சையில ஸ்வெட்டரே கிடையாது. அப்பாடான்னு பல் தேய்ச்சுட்டு வர்றேன், வாசல்ல பார்சல். அவ தங்கச்சி அனுப்பினதாம். பிரிச்ச கையோட போட்டுக்கிட்டா."

"கழட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்லுவேன்? உடம்பு சரியில்லை, கூட வான்னு இழுத்துட்டு வந்துட்டேன்."

மருத்துவர் மேசையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தபடியே கேட்டார்.

"தூக்கத்துல பேசுவீங்களா?"

"தூங்குறவனுக்கு அது எப்படித் தெரியும்?"

மருத்துவர் எழுந்து போய் அந்தப் பெண்மணியை அழைத்து வந்தார். அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"பேசுவார். தொண்டை கட்டுற அளவுக்குப் பேசுவார்." ஸ்வெட்டரின் நுனியைத் திருகினாள். "குடை, கடிகாரம், ஷூ... எல்லாம் நான்தான் டாக்டர்."

"நீயா?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? பிள்ளைங்க வெளியூர் போனதுலேருந்து நம்ம வீட்டுல ஊமைப்படம்தானே ஓடுது. உப்பு சரியா இருக்கான்னு கேட்டாக்கூட தலையைத்தான் ஆட்டுவீங்க. தூக்கத்துலதான் வாயைத் திறந்தீங்க. குடைன்னீங்க, விளையாட்டா மாட்டி வச்சேன். அன்னைக்கு 'பாரு, பாரு'ன்னு என் பக்கத்துல உட்கார்ந்து, காபி ஆறிப்போறது தெரியாம பேசினீங்க. அந்த ஆசை, விட முடியலை. இப்படிப் பயந்துபோவீங்கன்னு நினைக்கலைங்க."

பேராசிரியர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்த மருத்துவர் அருகே வந்தபோதுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சேதி கொண்டுபோற ஆள் பக்கத்துத் தலையணையிலேயே இருந்திருக்கு! வெளியில சொல்லிடாதீங்க டாக்டர், ஆய்வுக்கூடத்துல என் மானம் போயிடும்."

மருத்துவரும் சிரித்துவிட்டார். போய்க் கதவைச் சாத்தினார். இந்த முறை பேராசிரியர் தடுக்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ஏன் கை இப்படி ஜில்லுனு இருக்கு?"

"ஏசிக்கு நேரா உட்கார்ந்திருந்தேன்ல."

"இவ்வளவு கனமான ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா? சரியான கேடி நீ! பார்சல் நாடகம் வேற. நேத்து நான் உளறினதைக் கேட்டுட்டு, விடியறதுக்குள்ள இந்தப் பச்சை ஸ்வெட்டரை எங்கேருந்து பிடிச்ச?"

அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது.

"நேத்து நீங்க தூக்கத்துல வாயே திறக்கலையே..."